செர்ரி இறால்: டிடிஎஸ் 480 இருந்தும் சட்டை உரிக்கும்போது சாகின்றன

நீர்க்கோழி:

வணக்கம். சிவப்பு செர்ரி இறால் தொட்டியில் ஒரு சிக்கல். அளவுகளை எல்லாம் கீழே தருகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

இடம் சோழிங்கநல்லூர், அடுக்குமாடிக் குடியிருப்பு. தொட்டி இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி. சரளை, கல் போகத் தண்ணீர் சுமார் 40 லிட்டர். ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், இரண்டு கைப்பிடி ஜாவா மாஸ், கொஞ்சம் வேலம்பாசி, ஒரு மரக்கட்டை. மீன் எதுவும் இல்லை. தொட்டி ஓட ஆரம்பித்து மூன்று மாதம், இறால் விட்டு ஐந்து வாரம். 25 விட்டதில் இப்போது எண்ணினால் 13 தேறுகிறது.

அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10. பிஎச் 8.2. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு) தொட்டியில் 480, குழாயில் 390. வெப்பம் காலையில் 28, மாலையில் 30.

எல்லாம் ஒரே மாதிரிதான் சாகின்றன. தலை ஓடும் வயிற்றுப் பகுதியும் சேருகிற இடத்தில் சுற்றிலும் வெள்ளையாக ஒரு வளையம் தெரிகிறது. மறுநாள் பக்கவாட்டில் கிடந்து காலை மட்டும் அசைக்கிறது. சாயங்காலத்துக்குள் முடிந்துவிடுகிறது. வாராவாரம் ஞாயிறு மதியம் பாதித் தண்ணீரை மாற்றுகிறேன். செவ்வாய், புதன் கிழமைகளில்தான் சாவு அதிகம். இரண்டு பெண் இறால் சினைப்பட்டன, இரண்டுமே ஒரு வாரத்துக்குள் முட்டையை உதிர்த்துவிட்டன.

கடையில் கேட்டால் தண்ணீரில் கால்சியம் பற்றவில்லை என்கிறார்கள். டிடிஎஸ் 480 உள்ள தண்ணீரில் கால்சியம் எப்படிப் பற்றாமல் போகும்?

கோவை_வாளி:

அந்த வெள்ளை வளையம் சட்டையை, அதாவது பழைய ஓட்டை, உரிக்க முடியாமல் சாவதன் அடையாளம்தான் ப்ரோ, சந்தேகமே இல்லை. ஒரு கணவாய் ஓட்டை உடைத்து ஃபில்டர் பக்கம் போட்டு வையுங்கள். அது கிடைக்காவிட்டால் முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து, உள்தோலை உரித்துவிட்டு நொறுக்கிப் போடலாம். பாதித் தண்ணீர் மாற்றுவதை முதலில் நிறுத்துங்கள். இறாலுக்கு வாரம் 10 முதல் 15 சதவீதம் போதும், அதுவும் சொட்டுச் சொட்டாக.

30 டிகிரியும் கொஞ்சம் அதிகம்தான். 22 முதல் 26 வரை இருந்தால் நல்லது.

பாசித்தோட்டம்:

கணவாய் ஓடு பற்றிச் சின்னத் திருத்தம். கணவாய் ஓடும் முட்டை ஓடும் கால்சியம் கார்பனேட். அமிலத் தண்ணீரில்தான் அது கரையும். இவருடைய பிஎச் 8.2. அந்தத் தண்ணீரில் மாதக்கணக்கில் கிடந்தாலும் ஜிஎச் (கால்சியம், மெக்னீசியம் இரண்டின் அளவு) அரை டிகிரி ஏறினால் பெரிய விஷயம். கெடுதல் இல்லை, ஆனால் இவர் பிரச்சினைக்கு அது மருந்து ஆகாது.

நீர்க்கோழி, நீங்கள் கேட்ட கேள்வியிலேயே விடை இருக்கிறது. டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளந்து, அதை ஒரு எண்ணாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான். கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருந்தாலும் 480 காட்டும், வெறும் சமையல் உப்பைக் கரைத்து வைத்தாலும் 480 காட்டும். இறாலுக்கு வேண்டியது ஜிஎச். அந்த ஒரு அளவுதான் உங்கள் பட்டியலில் இல்லை.

மூன்று கேள்வி:

ஒன்று, ஜிஎச்சும், கேஎச்சும் (கார்பனேட், பைகார்பனேட் அளவு) எவ்வளவு? குச்சித் தாள் வேண்டாம், சொட்டுச் சோதனை வாங்குங்கள். 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, குழாயை மூடிக் குலுக்கிப் பாருங்கள். ஆரஞ்சு எந்தச் சொட்டில் பச்சையாகிறதோ அதுதான் ஜிஎச். கேஎச்சுக்கு நீலம் மஞ்சளாகும். சில கம்பெனிச் சோதனைகளில் நிறம் வேறு, தாளைப் படித்துக்கொள்ளுங்கள். முதல் சொட்டிலேயே பச்சையானால் 10 மில்லி எடுத்து மறுபடி செய்யுங்கள், அப்போது சொட்டுக்கு அரை டிகிரி கணக்கு.

இரண்டு, உங்கள் குடியிருப்பில் சாஃப்ட்னர் (கடினத் தண்ணீரை மென்மையாக்கும் கருவி) இருக்கிறதா? தரைத்தளத்து மோட்டார் அறையில் இரண்டு உயரமான உருளையும் பக்கத்தில் உப்பு மூட்டையும் அடுக்கி இருக்கும்.

மூன்று, வீட்டுக் குழாய் முனையில், கெய்சரில், பாத்ரூம் கண்ணாடியில் வெள்ளைப் படிவு பிடிக்கிறதா? சோப்பு சட்டென்று நுரைக்கிறதா?

நீர்க்கோழி:

நன்றி அண்ணா. இன்று சோதனை வாங்கிப் பார்த்துவிட்டேன். தொட்டியில் ஜிஎச் முதல் சொட்டில் கலங்கலான நிறம், இரண்டாவது சொட்டில் பச்சை. 10 மில்லியில் செய்தபோது 3 சொட்டு, ஆக 1.5. கேஎச் 13! குழாய்த் தண்ணீரிலும் கிட்டத்தட்ட இதே அளவுதான்.

காவலாளியிடம் கேட்டேன், சாஃப்ட்னர் இருக்கிறது. உப்பு மூட்டையும் இருக்கிறது. குழாயில் படிவே கிடையாது, சோப்பு வழுக்கிக்கொண்டு போகிறது, எவ்வளவு கழுவினாலும் கையில் அந்த வழவழப்பு போகாது. இத்தனை நாள் நல்ல தண்ணீர் என்று நினைத்திருந்தோம்.

பாசித்தோட்டம்:

அப்படியானால் காரணம் அதுதான். கேஎச் 13, ஜிஎச் 1.5 என்று இயற்கைத் தண்ணீரில் அமைவது அரிது. போர் தண்ணீரில் வழக்கமாக ஜிஎச் கேஎச்சுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கும். கேஎச் மட்டும் தனியாக உயர்ந்து நின்றால் முதலில் சாஃப்ட்னரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அந்த உருளைக்குள் இருக்கும் பிசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. ஒரு டிகிரி ஜிஎச் போனால் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் சோடியம் உள்ளே வருகிறது. மின்னூட்டம் ஒன்றுக்கொன்று சரியாகிவிடுவதால் டிடிஎஸ் மீட்டருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கேஎச்சை அது தொடுவதே இல்லை. மனிதருக்குக் கெய்சர் பிழைக்கிறது, துணி வெளுக்கிறது. இறாலுக்கு ஓடு செய்யச் சரக்கு இல்லை.

சட்டை உரிப்பது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அந்த வளையம் ஏன் வருகிறது என்பது விளங்கும். உரிப்பதற்கு முன்னால் பழைய ஓட்டிலிருந்து தாதுவைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு, அடியில் மெல்லிசான புது ஓட்டைத் தயார் செய்கிறது. பிறகு தண்ணீரை உள்ளே இழுத்து உடம்பை உப்பவைக்கும். பழைய ஓடு பிடரியில் மட்டும் பிளக்க வேண்டும். அந்தப் பிளவு வழியாக இறால் வில்லாக வளைந்து ஒரே சுண்டலில் வெளியே வந்துவிடும், ஒரு நொடி வேலை. அதன் பிறகு ஒன்றிரண்டு நாளில் செவுள் வழியாகத் தண்ணீரிலுள்ள கால்சியத்தை எடுத்துப் புது ஓட்டைக் கெட்டியாக்கிக்கொள்ளும்.

உங்கள் தொட்டியில் பிடரியில் பிளக்காமல் சுற்றுவட்டமாகக் கழன்றுவிடுகிறது. சட்டையின் முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி ஒரு பக்கம். உதைத்து வெளியேற ஒரு பிடிமானம் இல்லை. வளையம் தெரிந்த இறால் தப்பிப்பது அரிது. கையால் உரித்துவிடலாம் என்று முயலாதீர்கள், செவுள் கிழிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: ஜிஎச் மிக அதிகமாக இருந்தாலும் இதே வளையம் வரும், அங்கே ஓடு தடித்துப் பிளக்காமல் போகிறது. வளையத்தைப் பார்த்ததுமே கால்சியம் கொட்டுகிறவர்கள் அதனால்தான் சில சமயம் நிலைமையை மோசமாக்கிக்கொள்கிறார்கள். முதலில் அளவு, பிறகு மருந்து.

செவ்வாய், புதன் கணக்குக்கு வருவோம். நடுப்பகலில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பாருங்கள், வெயில் நாளில் 35 டிகிரி தாண்டும். அந்தச் சூட்டில், டிடிஎஸ் 390 உள்ள தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஒரேயடியாக ஊற்றுகிறீர்கள். திடீர் மாற்றம் இறாலை நேரத்துக்கு முன்பே உரிக்கத் தூண்டும். தயாராகாத ஓடு, கூடவே கால்சியம் இல்லாத தண்ணீர். இரண்டு நாள் கழித்துப் பலன் தெரிகிறது.

சொட்டுக்குழாய்:

பாசித்தோட்டம் சொன்னது அத்தனையும் சரி. இனி எந்தத் தண்ணீர் என்பதுதான் கேள்வி. சாஃப்ட்னர் தண்ணீரிலேயே கால்சியம் கலந்து ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். கலந்தால் ஜிஎச் ஏறும், ஆனால் கேஎச் 13 அப்படியே இருக்கும், சோடியமும் இருக்கும், டிடிஎஸ் 650 பக்கம் போய் நிற்கும். செர்ரி முரட்டு உயிர்தான், ஆனாலும் அதில் பெருகாது.

நியோகாரிடினாவுக்கு, அதாவது உங்கள் செர்ரிக்கு, குறிவைக்க வேண்டியது: ஜிஎச் 6 முதல் 9, கேஎச் 2 முதல் 6, பிஎச் 6.8 முதல் 7.8, டிடிஎஸ் 150 முதல் 250. கிரிஸ்டல் ரெட் இறால் வகையின் கணக்கே வேறு, ஜிஎச் 4 முதல் 6, கேஎச் கிட்டத்தட்ட 0. அந்தப் பட்டியலைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள்.

அடிப்படைத் தண்ணீர் ஆர்ஓ. வீட்டு ஆர்ஓ மெஷினில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

முதலாவது, செம்பு. இப்போது விற்கும் மெஷின் பலவற்றில் "காப்பர்" என்று ஒரு கேட்ரிட்ஜ் கடைசியில் வருகிறது. குடிக்கிறவருக்குச் செம்புக் குடத்துத் தண்ணீர் மாதிரி என்று விளம்பரம். இறாலுக்கு அது விஷம், மிகக் குறைந்த அளவே போதும். உங்கள் மெஷின் மேல் காப்பர் என்று எழுதியிருந்தால் குழாயில் பிடிக்கும் தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுபோகவே கூடாது. சர்வீஸ் ஆளிடம் சொல்லி, மெம்பரேனுக்கு அடுத்து, அந்தக் கேட்ரிட்ஜுக்கு முன்னால், கால் இஞ்ச் குழாயில் ஒரு டி இணைப்பும் சின்ன வால்வும் போட்டுக்கொண்டால் தனியாகப் பிடிக்கலாம். பத்து நிமிட வேலை. வீட்டில் செம்புக் குடத்தில் நிரப்பி வைக்கும் வழக்கம் இருந்தால் அந்தத் தண்ணீரும் ஆகாது.

இரண்டாவது, டிடிஎஸ் கன்ட்ரோலர். சுவைக்காக மெம்பரேனைத் தாண்டிக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரை உள்ளே கலக்கும் திருகு அது. உங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் என்றால் சாஃப்ட்னர் தண்ணீர். மீட்டரில் 80, 100 என்று காட்டினால் திருகு திறந்திருக்கிறது. முழுவதும் மூடினால் 20, 30 பக்கம் வந்துவிடும்.

இதெல்லாம் தலைவலி என்றால் 20 லிட்டர் கேன் தண்ணீர். பெரும்பாலும் அதுவும் ஆர்ஓ தண்ணீர்தான். ஆனால் ஒவ்வொரு கேனையும் மீட்டரில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள், ஒரு வாரம் 40 இருக்கும், மறு வாரம் 120 இருக்கும்.

ஆர்ஓ தண்ணீரில் தாது சேர்க்க, 20 லிட்டருக்கு:

கால்சியம் சல்பேட் டைஹைட்ரேட் 3.1 கிராம் (ஜிஎச் 5 டிகிரி தரும்)
எப்சம் உப்பு 1.8 கிராம் (ஜிஎச் 2 டிகிரி)
ஆப்ப சோடா 1.8 கிராம் (கேஎச் 3 டிகிரி)

மொத்தம் ஜிஎச் 7, கேஎச் 3. மீட்டரில் சுமார் 200 காட்டும். சமையலறைத் தராசு 2 கிராமுக்குக் கீழே ஏமாற்றும், 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு வேண்டும். மூன்றையும் ஒரே டப்பாவில் கலந்து வைக்காதீர்கள். கனமான தூள் அடியில் இறங்கிவிடும், கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும். கால்சியம் சல்பேட்டை டம்ளரில் கரைத்துவிட்டு ஊற்றலாம் என்று பார்த்தால் பால் மாதிரி கலங்கி நிற்கும். கெட்டுப்போகவில்லை, அது அவ்வளவு சீக்கிரம் கரையாது. நேராக 20 லிட்டர் வாளியில் தூவி, ஏர் ஸ்டோன் போட்டு இரவு முழுக்க விடுங்கள், காலையில் தெளிந்துவிடும். உரக்கடை ஜிப்சம் வேண்டாம், அதில் வேறு என்னென்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. ரசாயனக் கடையில் சுத்தமான வகையைக் கேட்டு வாங்குங்கள். சுவருக்குப் பூசும் பிளாஸ்டர் பவுடரை ஜிப்சம் என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பாசித்தோட்டம்:

சொட்டுக்குழாய் கணக்கு சரி. ஆனால் இவருக்கு அதைவிட எளிய வழி ஒன்று இருக்கலாம். பல குடியிருப்புகளில் தோட்டக் குழாய், கார் கழுவும் குழாய் இரண்டும் சாஃப்ட்னருக்குப் போகாமல் நேரே போரிலிருந்து வரும். அதைச் சோதித்துப் பாருங்கள். ஜிஎச் நன்றாக இருந்தால் ஆர்ஓவோடு கலந்தாலே போதும், தராசும் வேண்டாம், தூளும் வேண்டாம்.

நீர்க்கோழி:

தோட்டக் குழாய்: ஜிஎச் 18, கேஎச் 13, டிடிஎஸ் 380. சாஃப்ட்னர் இல்லாத தண்ணீர் என்பது சோதனையிலேயே தெரிகிறது!

எங்கள் ஆர்ஓ மெஷினில் காப்பர் கேட்ரிட்ஜ் இருக்கிறது. நல்லவேளை தொட்டிக்கு அதை ஊற்றவில்லை. டி இணைப்பு போடச் சொல்லியாகிவிட்டது, அங்கே டிடிஎஸ் 25 வருகிறது.

எந்த விகிதத்தில் கலப்பது? மீதி 13 இறாலையும் அதில் எப்படி மாற்றுவது? மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றிவிடலாமா?

பாசித்தோட்டம்:

8 லிட்டர் தோட்டக் குழாய் தண்ணீர், 12 லிட்டர் ஆர்ஓ. ஜிஎச் 18 × 0.4 = 7.2. கேஎச் 5.2. டிடிஎஸ் 167 பக்கம். கச்சிதம்.

ஒரே நாளில் மாற்றவே மாற்றாதீர்கள். 480-லிருந்து 170-க்கு ஒரே நாளில் இறக்கினால் மீதி பதின்மூன்றும் ஒரே வாரத்தில் சட்டை உரிக்கும், பாதி மாட்டிக்கொள்ளும்.

தினமும் 2 லிட்டர் எடுத்து, 2 லிட்டர் கலவைத் தண்ணீரைச் சொட்டாக விடுங்கள். ஏர் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு நொடிக்கு இரண்டு சொட்டு வரும்படி இறுக்கினால் 2 லிட்டர் இறங்க நாலைந்து மணி நேரம் ஆகும். இப்படிச் செய்தால் 14 நாளில் ஜிஎச் 4.4, டிடிஎஸ் 320. 28 நாளில் ஜிஎச் 5.8, டிடிஎஸ் 240. அதன் பிறகு வாரம் 4 லிட்டர் போதும். முதல் இரண்டு வாரத்தில் இன்னும் ஒன்றிரண்டு சாகலாம், அது பழைய தண்ணீரின் மிச்சம். பயந்துபோய் நடுவில் வேகத்தைக் கூட்டாதீர்கள்.

ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு வெறும் ஆர்ஓ மட்டும். இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குழாயில் 390, தொட்டியில் 480 என்று உங்களுக்கு ஏறியதும் இப்படித்தான். கண்ணாடியில் மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டிவையுங்கள், அது வரை ஆர்ஓ.

தோட்டக் குழாயை மாதம் ஒரு முறை சோதியுங்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு போர் தண்ணீர் மாறும், கோடையில் மறுபடி மாறும். கடலை ஒட்டிய பகுதிகளில் கோடையில் உவர்ப்பு ஏறினால் டிடிஎஸ் எகிறும். அப்போது சொட்டுக்குழாய் சொன்ன தூள் முறைக்கு மாறிக்கொள்ளலாம். லாரித் தண்ணீரைச் சம்ப்பில் கலக்கிறார்கள் என்றாலும், சம்ப் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட வாரத்திலும், அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். மற்ற நாளிலும் ஆன்டி-குளோரின் ஒரு சொட்டு விட்டுக் கலப்பது நல்லது.

கோவை_வாளி:

கணவாய் ஓடு விஷயம் ஒப்புக்கொள்கிறேன், பிஎச்சைக் கவனிக்கவில்லை.

முட்டை உதிர்த்ததற்கு இந்தத் தண்ணீர் மட்டும் காரணம் இல்லை என்று படுகிறது, 30 டிகிரியும் சேர்ந்துதான். வெப்பம் ஏற ஏற முட்டைக்கு ஆக்சிஜன் தேவை கூடும், ஆனால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும், 30-ல் 7.5தான். இன்னொன்றும் உண்டு: இந்த இனத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதில் வெப்பத்துக்கும் பங்கு இருக்கிறது, சூடு கூடினால் ஆண் அதிகமாகும். வருடம் முழுக்கச் சூட்டிலேயே வைத்திருந்தால் இரண்டு தலைமுறையில் தொட்டி நிறைய வெளிறிய சின்ன ஆண்களாக நிற்கும்.

ஒரு 12 வோல்ட் கம்ப்யூட்டர் விசிறியை நீர்மட்டத்துக்குச் சாய்வாக வையுங்கள். 2, 3 டிகிரி இறங்கும். சோழிங்கநல்லூரில் மாலைக் கடல்காற்று வந்தபின் ஈரப்பதம் ஏறிவிடும், அப்போது அவ்வளவு இறங்காது. நீர்மட்டம் வேகமாகக் குறையும், தினமும் ஆர்ஓ ஊற்ற வேண்டி வரும். ஐஸ்கட்டி போடும் வேலை மட்டும் வேண்டாம்.

சொட்டுக்குழாய்:

முக்கியமான ஒன்று விட்டுப்போச்சு. கொசு.

ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்துத்தான் தண்ணீரில் விடுகிறது. அந்த அறையில் மின் கொசுவிரட்டி, கொசுவர்த்திச் சுருள், பூச்சி ஸ்ப்ரே எது ஓடினாலும் மருந்து நேராகத் தொட்டிக்குள் போகிறது. அவற்றில் இருப்பது பைரித்ராய்டு வகை. மீனுக்கே கெடுதல், இறாலுக்கு எமன். இறாலும் பூச்சியும் ஒரே கணுக்காலி வம்சம், கொசுவைக் கொல்வது இதையும் கொல்லும். ஒரே ராத்திரியில் தொட்டி முழுக்கத் துள்ளி, சுழன்று, கவிழ்ந்து கிடந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பம்ப்பை வேறு அறையில் வைத்து நீளக் குழாயில் காற்றைக் கொண்டுவரலாம், அல்லது ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிடலாம்.

கடையில் வாங்கும் செடியிலும் இதே ஆபத்து. பூச்சிமருந்து அடித்த செடி என்றால் இரண்டு வாரம் தனி வாளியில் போட்டு, இரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றியபின் தொட்டியில் வையுங்கள். சாப்பாடாகப் போடும் கீரையிலும் இதே ஆபத்து உண்டு.

நீர்க்கோழி:

கொசுவிரட்டி ஹாலில் ஓடுகிறது, தொட்டியும் ஹாலில்தான். இன்றே மாற்றிவிடுகிறேன்.

கடைசியாக இரண்டு சந்தேகம். இன்று ஒரு பெண்ணுக்குக் கழுத்துக்குப் பின்னால் மஞ்சள் திட்டு நன்றாகத் தெரிகிறது. இந்தத் தடவை குஞ்சு வரை கொண்டுபோக என்ன செய்ய வேண்டும்? சாப்பாடு இப்போது தினமும் இரண்டு வேளை மீன் உணவு போடுகிறேன், சரியா? பாசியைத் தின்ன இரண்டு அமானோ இறால் விடலாமா, நாலு கப்பி மீனும் விடலாமா?

பாசித்தோட்டம்:

பின்னாலிருந்து வருகிறேன். கப்பி வேண்டாம், குஞ்சு ஒன்றையும் விட்டுவைக்காது. அமானோ விடலாம், சண்டை போடாது, ஆனால் உங்கள் தொட்டியில் பெருகாது. அதன் குஞ்சுக்குக் கடல்நீர் அளவு உப்பு வேண்டும். செர்ரிக்கு அந்தத் தொல்லை இல்லை, முட்டையிலிருந்து வரும்போதே முழு இறால் உருவம்தான், 2 மில்லிமீட்டர் இருக்கும். நீல, மஞ்சள் செர்ரியை அழகுக்காகச் சேர்க்காதீர்கள். எல்லாம் ஒரே இனம், கலந்தால் சில தலைமுறையில் காட்டு இறாலின் பழுப்பு நிறத்துக்குத் திரும்பிவிடும்.

தினமும் இரண்டு வேளை மிக அதிகம். 13 இறாலுக்கு ஒரு துவரம்பருப்பு அளவு, இரண்டு நாளைக்கு ஒருமுறை. இரண்டு மணி நேரத்தில் மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள், அடுத்த முறை பாதி. கண்ணாடியில் நகரும் வெள்ளைப் புழு, மாஸில் ஒட்டி நிற்கும் ஹைட்ரா எல்லாம் மிச்சச் சாப்பாட்டில்தான் பெருகும். மரத்தடியில் உதிர்ந்து காய்ந்த வாதாம் இலை ஒன்றைக் கொதிநீரில் நனைத்துப் போடுங்கள். பச்சை இலை வேண்டாம். அது நைந்து நரம்பு மட்டும் மிஞ்சும் வரை, மேலே படியும் வழவழப்பை இறால் மேய்ந்துகொண்டே இருக்கும். முருங்கை இலை நாலைந்து, ஒரு நிமிடம் கொதிநீரில் வாட்டிப் போட்டால் விரும்பித் தின்னும். சென்னாங்குன்னிப் பொடி நல்ல புரதம்தானே என்று யாராவது சொல்வார்கள், உப்புப் போட்டுக் காயவைத்தது, தொட்டிக்கு ஆகாது.

மஞ்சள் திட்டு சினைப்பையில் உருவாகும் முட்டை. அடுத்த தடவை அது சட்டை உரித்ததும் ஆண்கள் எல்லாம் பித்துப் பிடித்த மாதிரி தொட்டி முழுக்க நீந்தும், பயப்படாதீர்கள், பெண்ணைத் தேடுகின்றன. மறுநாள் வயிற்றுக்கடியில் முட்டை தெரியும், 20, 30 இருக்கும். கண்ணாடி போல வெறும் கூடு கீழே கிடந்தால் அது உரித்த சட்டை. செத்த இறால் வேகவைத்தது போல இளஞ்சிவப்பாக, கெட்டியாக இருக்கும். சட்டையை எடுத்துப் போடாதீர்கள், அவையே தின்றுவிடும், அதிலும் கால்சியம் இருக்கிறது.

பொரிக்க 28 டிகிரியில் மூன்று வாரம், 23 பக்கம் என்றால் நாலு வாரம் ஆகும். முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளியாகக் கண் தெரிந்துவிட்டால் ஒரு வாரத்தில் வந்துவிடும். அந்த வாரம் தொட்டிக்குள் கை விடாதீர்கள், வலை போட்டுப் பிடித்துத் தனி டப்பாவில் விடவும் வேண்டாம். அந்தக் கலவரத்திலேயே பாதி பெண் முட்டையை உதறிவிடும். மீறி உதிர்ந்தால், வெள்ளை பூத்ததைக் களைந்துவிட்டு, நல்லதை டீ வடிகட்டியில் போட்டு ஸ்பான்ஜ் ஃபில்டர் குமிழி மேலேறும் இடத்தில் தொங்கவிடுங்கள். முட்டை மெல்ல உருண்டுகொண்டே இருக்க வேண்டும், அசையாமல் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். கண் வந்த முட்டை என்றால் இப்படியும் பொரிக்கும்.

குஞ்சு முதல் இரண்டு வாரம் மாஸை விட்டு அதிகம் நகராது. சாப்பாட்டைத் தேடிப் போகாது, அது இருக்கும் இடத்துக்குச் சாப்பாடு போக வேண்டும். உணவை மாவாகப் பொடித்து, பல்குத்தும் குச்சி முனையை ஈரப்படுத்தி அதில் ஒட்டும் அளவு மட்டும் எடுத்து, மாஸுக்கு மேலே தண்ணீரில் உதறுங்கள். அன்று மட்டும் ஒரு மணி நேரம் ஏர் பம்ப்பைக் குறைத்து வைத்தால் மாஸிலேயே படியும்.

நீர்க்கோழி:

குறித்துக்கொண்டேன் அண்ணா. ஸ்பான்ஜ் ஃபில்டரைக் குஞ்சு வருவதற்குள் ஒரு முறை கழுவிவிடலாமா? குமிழி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

சொட்டுக்குழாய்:

இப்போதே, கண் தெரிவதற்கு முன்னால் செய்துவிடுங்கள். அன்றன்று வெளியே எடுக்கும் 2 லிட்டர் பழைய தண்ணீரிலேயே மூன்று தடவை பிழிந்தால் போதும், பளிச்சென்று வெளுக்க வேண்டாம். குழாயடியில் காட்டாதீர்கள். எடுக்கும்போது அடியில் ஒரு கிண்ணத்தை வைத்துத் தூக்குங்கள், ஸ்பான்ஜில் எப்போதும் நாலு இறால் ஒட்டியிருக்கும், அழுக்கும் மறுபடி தண்ணீரில் கொட்டாது. குமிழி அதன் பிறகும் குறைவாகவே வந்தால் அடைத்திருப்பது ஸ்பான்ஜ் இல்லை, உள்ளே இருக்கும் ஏர் ஸ்டோன். அதை மாற்றிவிடுங்கள்.